ரெண்டாவது பாக்கெட்டை யார் வாங்குறா?

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், செடியில இருந்து செய்யுற கறி. போன இதழ்ல ஒருத்தர் "பிளான்ட் பேஸ்டு மீட் கதை முடிஞ்சுதா?"ன்னு கேட்டதுக்கு "முடியல, மூச்சு வாங்குது"ன்னு ஒத்த வரியில பதில் போட்டுட்டேன், அதுக்கு திட்டும் பாராட்டும் கலந்து இத்தனை மெயில். சரி, இந்தப் பக்கம் முழுக்க இதுக்கே. பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் சொன்னதால எல்லாருக்கும் நானே ஒரு பட்டப்பேர் வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (சரித்திரப் புலி): ஏதோ பத்து வருஷம் முன்னாடி கலிஃபோர்னியாவுல நாலு பேர் கண்டுபிடிச்ச மாதிரியே எல்லாரும் எழுதுறாங்களே சார், நெஜமாவா?

பதில்: இல்லவே இல்ல. கோதுமை மாவைப் பிசைஞ்சு தண்ணியில அலசிக்கிட்டே இருந்தா ஸ்டார்ச் எல்லாம் கரைஞ்சு போயி ரப்பர் மாதிரி ஒரு பசை மிஞ்சும், அதை கறி மாதிரி சமைக்குறது சீனாவுல புத்த மடங்கள்ல பல நூறு வருஷப் பழக்கம். டப்பாவுல அடைச்சு விக்குற சரக்கா வந்ததுன்னு பாத்தா 1890-கள். அமெரிக்காவுல பேட்டில் கிரீக்ங்கற ஊர்ல சானிடோரியம் (தங்கி உடம்பைத் தேத்திக்குற ஆஸ்பத்திரி) நடத்தின டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், ஆமா அந்த கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக்தான், வேர்க்கடலையை அரைச்சு நட்டோஸ்னு ஒண்ணும், கோதுமைப் பசையும் கடலையும் கலந்து புரோட்டோஸ்னு ஒண்ணும் கொண்டு வந்தார்.

அதுக்கப்புறம் வர்றவர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு, ராபர்ட் பாயர். ஹென்றி ஃபோர்டுகிட்ட வேலை பாத்தவர். ஃபோர்டுக்கு சோயா மேல ஒரு கிறுக்கு, கார் பார்ட்ஸ்ல இருந்து போட்டுக்குற கோட்டு வரைக்கும் சோயாவுல பண்ணிப் பாத்தவர். அதுக்காக சோயா புரதத்தை நூலா நூத்துக்கிட்டு இருந்த பாயர், இதை உடுத்துறதுக்கு பதிலா தின்னா என்னன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டார், 1954-ல பேட்டன்ட்டும் வாங்கிட்டார். அதாவது நூல் நூக்குற வேலையில இருந்து பொறந்த கறி இது! 1960-கள்ல ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் கம்பெனி இதையே இன்னும் சீப்பா பண்ணுச்சு, எண்ணெய் எடுத்த சோயா மாவை சூட்டோட அழுத்தத்தோட ஒரு மெஷின்ல தள்ளி உப்ப வச்சது. மீல் மேக்கர்னு சொல்றோமே, அதேதான்.

இங்கிலாந்துல இன்னொரு கதை ஓடுச்சு. 1967-ல மார்லோங்கற ஊர் பக்கத்து மண்ணுல ஒரு பூஞ்சையைக் கண்டுபிடிச்சாங்க, அதைத் தொட்டியில வளத்து சாப்பாடாக்கி குவார்ன்ங்கற பேர்ல கடைக்கு கொண்டு வந்தது 1985-ல. எண்ணிப் பாருங்க, 18 வருஷம். பூஞ்சை செடி இல்லங்கறது வேற விஷயம், கடையில ரெண்டும் ஒரே அலமாரியிலதான் இருக்கு. 2015-ல பிலிப்பைன்ஸ்ல இருக்குற மொண்டே நிஸின் கம்பெனி அதை 55 கோடி பவுண்டு குடுத்து வாங்குச்சு.

அப்ப பத்து வருஷம் முன்னாடி என்னதான் புதுசுன்னா, யாருக்கு விக்குறதுங்கற கணக்குதான் புதுசு. அது வரைக்கும் வந்த எல்லாமே சைவக்காரங்களுக்கு. 2009-ல பியாண்ட் மீட் ஆரம்பிச்ச ஈத்தன் பிரௌனும், 2011-ல இம்பாசிபிள் ஃபுட்ஸ் ஆரம்பிச்ச ஸ்டான்ஃபோர்டு புரொஃபசர் பேட்ரிக் பிரௌனும் (ரெண்டு பிரௌனுக்கும் சொந்தம் எதுவும் இல்ல) மாட்டுக்கறி சாப்பிடுறவனையே நேரா குறி வச்சாங்க. 2016-ல பியாண்ட் பர்கர் ஹோல் ஃபுட்ஸ் கடைக்கு வந்தப்ப அதை வச்ச இடமே கறி கவுண்டர். அதே வருஷம் இம்பாசிபிள், நியூயார்க்ல டேவிட் சாங்ங்கற பேர் போன செஃப் ஓட்டல்ல எறங்குச்சு.

கேள்வி (பயோடெக் செகண்ட் இயர்): சார், பட்டாணி எப்படி கறியாகுது? யூடியூப்ல பாத்தா எல்லாம் விளம்பரமாவே இருக்கு.

பதில்: உன்னோட பாடம்தானே தம்பி, இருந்தாலும் சொல்றேன். மஞ்சப் பட்டாணியில புரதம் நாலுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. மாவாக்கி காரத்தன்மை உள்ள (ஆசிட்டுக்கு நேர் எதிர்) தண்ணியில கரைச்சா புரதம் கரையும், நாரும் ஸ்டார்ச்சும் தனியா பிரியும், அப்புறம் ஆசிட் விட்டா புரதம் திரிஞ்சு அடியில தங்கும், பால் திரியுற மாதிரியே. அதைக் காய வச்சா 80 சதவீதம் பக்கம் புரதம் உள்ள ஒரு பவுடர். பல கம்பெனி இந்தப் பவுடரை வெளியில இருந்துதான் வாங்குறாங்க.

அடுத்தது எக்ஸ்ட்ரூடர், இதுதான் இந்தத் தொழிலோட இதயம். ஒரு குழாய்க்குள்ள ரெண்டு திருகு சுத்தும், உள்ள சூடு 100 டிகிரிக்கு மேல போகும், அழுத்தம் பயங்கரம், அதுல புரதம் சுருண்டு இருந்ததெல்லாம் பிரிஞ்சு உருகின கூழாயிடும். அந்தக் கூழை அப்படியே வெளிய விட்டா டப்புனு உப்பி மீல் மேக்கர். நீளமான ஒரு குளிர்ந்த குழாய் வழியா மெதுவா தள்ளினா ஓடுற திசையிலேயே நாரு நாரா அடுக்கிக்கும், கோழி நெஞ்சுக்கறியைப் பிய்ச்சா வர்ற மாதிரி. கூலிங் டைன்னு சொல்லுவாங்க. அந்தக் குழாயோட நீளம், சூடு, வேகம், அதுல எவ்ளோ தண்ணிங்கறதுலதான் ஒவ்வொரு கம்பெனியோட ரகசியமும் இருக்கு.

கொழுப்புக்கு தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், புது சரக்குல அவகாடோ எண்ணெய். ஒட்டுறதுக்கு மீத்தைல் செல்லுலோஸ்னு ஒரு சாமான், இதோட குணம் விசித்திரம், மத்த ஜெல் எல்லாம் ஆறினா இறுகும், இது சூடானா இறுகும், ஆறினா இளகும். அதனாலதான் தவாவுல போட்டதும் பர்கர் கெட்டியா நிக்குது, ஆறிப் போனா தொளதொளன்னு ஆயிடுது.

ரத்தம் மாதிரி தெரியுறது பியாண்ட்ல பீட்ரூட். இம்பாசிபிள்ல ஹீம், அதுதான் அவங்க துருப்புச்சீட்டு. கறிக்கு கறி வாசனை வர்றதே இந்த ஹீம்ங்கற இரும்புச் சத்து உள்ள மூலக்கூறாலதான்னு புரொஃபசர் பிரௌன் கணக்கு. சோயா செடி வேர் முடிச்சுல லெக்ஹீமோகுளோபின்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் இதே ஹீம்தான். ஆனா வேரைத் தோண்டி எடுத்து தொழில் பண்ண முடியுமா, அதனால அந்த ஜீனை ஒரு ஈஸ்ட்டுக்குள்ள வச்சு, பீர் காய்ச்சுற மாதிரி தொட்டியில வளக்குறாங்க. அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்குற எஃப்.டி.ஏ. 2018-ல ஆட்சேபம் இல்லன்னுடுச்சு. ஐரோப்பாவுல ஜீன் மாத்தின சமாசாரம்னா தனி அனுமதி வேணும், 2019-ல விண்ணப்பம் போட்டவங்க வருஷக் கணக்கா காத்துக் கெடந்தாங்க. அமெரிக்காவுல ஜெயிச்சுக் குடுத்த அதே துருப்புச்சீட்டு ஐரோப்பாவுல வாசல்லயே நிறுத்திடுச்சு. பரீட்சைக்கு இது வராது, ஆனா வேலைக்கு போனப்புறம் ஞாபகம் வரும்.

கேள்வி (கையைச் சுட்டுக்கிட்டவர்): 2019-ல பியாண்ட் மீட் ஷேர் வாங்கினேன். வேற கேள்வி இல்ல.

பதில்: கேள்வி இல்லன்னாலும் பதில் இருக்கு, உக்காருங்க. 2019 மே 2-ந் தேதி 25 டாலருக்கு வெளியிட்ட ஷேர், அன்னிக்கு சாயங்காலமே 65.75 டாலர். ஜூலையில 230-ஐத் தாண்டுச்சு. 2025 அக்டோபர்ல 1 டாலருக்கும் கீழ. அதுக்கப்புறம் சூதாட்டக்காரங்க உள்ள பூந்து சில நாள்ல பல மடங்கு தாவ வச்சாங்க, பிறகு திரும்ப விழுந்துச்சு, அதை கணக்குல எடுத்துக்காதீங்க.

இடையில என்ன ஆச்சுன்னா, விற்பனை 2019-ல கிட்டத்தட்ட 30 கோடி டாலர், 2021-ல 46 கோடி, அதோட உச்சம். 2024-ல 33 கோடிக்கும் கொஞ்சம் கம்மி. இந்த எண்ணை மட்டும் பாத்தா சுமாரா ஓடுற ஒரு ஃபுட் கம்பெனி, அவ்ளோதான். ஆனா ஷேர் மார்க்கெட் இதை ஃபுட் கம்பெனின்னு பாக்கவே இல்லையே, சாஃப்ட்வேர்னு பாத்துச்சு. சாஃப்ட்வேரை ஒரு தடவை எழுதினா கோடி பேருக்கு விக்கலாம், பர்கரை ஒவ்வொண்ணா செய்யணும், உறைய வைக்கணும், லாரியில ஏத்தணும், கடைக்காரனுக்கு அலமாரி வாடகை அழுவணும். கம்பெனிக்காரங்களும் அந்த மிதப்புலயே ஃபேக்டரி, ஆளு, விளம்பரம்னு விரிச்சாங்க, 2021 மார்ச்ல 115 கோடி டாலருக்கு கடன் பத்திரம் போட்டாங்க, வட்டியே கிடையாது, ஏன்னா ஷேரா மாத்திக்கலாம்னு குடுத்தவங்களுக்கு அவ்ளோ நம்பிக்கை. கடைசியில 2025-ல அந்தக் கடனை ஷேரா மாத்தத்தான் செஞ்சாங்க, ஆனா நெனச்ச விலையில இல்ல. கோடிக் கணக்குல புது ஷேர் அச்சடிச்சு கடன்காரங்களுக்கு குடுத்ததுல பழைய ஷேர்காரங்க பங்கு தண்ணி ஊத்தின மோரா போச்சு. நீங்களும் அந்த மோர்லதான் இருக்கீங்க.

நான் இதை ரெண்டாவது பாக்கெட் பிரச்சினைன்னு சொல்லுவேன். கொரோனா வந்த 2020-ல கறி ஆலைகள் மூடிக் கெடந்துச்சு, கடையில கறி தட்டுப்பாடு, ஜனம் வீட்டுல சும்மா இருக்கு, என்னதான் இதுன்னு ஒரு பாக்கெட் வாங்கிப் பாத்துச்சு. அந்த வளர்ச்சியை கோடு போட்டு வானம் வரைக்கும் நீட்டினவங்கதான் எல்லா ரிப்போர்ட்டும் எழுதினது. ஆனா முதல் பாக்கெட்டை வாங்க வைக்குறது ஆர்வம், ரெண்டாவது பாக்கெட்டை வாங்க வைக்குறது ருசியும் விலையும், அந்த ரெண்டும் இன்னும் கறிக்கு சமமா வரல. அமெரிக்காவுல சில்லறைக் கடையில இந்தச் சரக்கு மொத்தம் வித்தது 2020, 2021-ல 140 கோடி டாலர் பக்கம், 2023-ல 120 கோடி. கறி வியாபாரத்துல இது வெறும் 1 சதவீதம் அளவுக்குதான். அதே அமெரிக்காவுல பாதாம் பால், ஓட்ஸ் பால் எல்லாம் சேந்து பால் வியாபாரத்துல 15 சதவீதம் பக்கம் புடிச்சிருக்கு பாருங்க. காபியில ஊத்துற பால் கொஞ்சம் வேற மாதிரி இருந்தா யாரும் கண்டுக்குறதில்ல, தட்டு நடுவுல வர்ற கறி கொஞ்சம் வேற மாதிரி இருந்தா அடுத்த தடவை தொட மாட்டான்.

இதுக்கு நடுவுல 2022-ல பியாண்ட் மீட் கம்பெனியோட ஒரு பெரிய அதிகாரி, கார் பார்க்கிங்ல தகராறாகி ஒருத்தர் மூக்கைக் கடிச்சார்னு கைதானார். செடிக்கறி விக்குறவருக்கு இந்த மாதிரி நியூஸ் வந்தா தலைப்பு எழுதுறவங்க சும்மா விடுவாங்களா.

கேள்வி (பர்கர் பக்தன்): மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவுல இதை தூக்கிட்டாங்க, பர்கர் கிங்ல மட்டும் ஓடுது, ஐரோப்பாவுல ரெண்டு பேருமே விக்குறாங்க. லாஜிக் என்ன?

பதில்: பர்கர் கிங் 2019 ஏப்ரல்ல செயின்ட் லூயிஸ்ல டெஸ்ட் பண்ணி ஆகஸ்ட்லயே அமெரிக்கா முழுக்க இம்பாசிபிள் கறி வச்ச வாப்பர் பர்கரை விட்டாங்க. மெக்டொனால்ட்ஸ் நின்னு நிதானமா 2021 கடைசியில பியாண்டோட சேந்து மெக்பிளான்ட் பர்கர் டெஸ்ட் ஆரம்பிச்சு, 2022-ல 600 கடை வரைக்கும் போயி அந்த வருஷமே நிறுத்திட்டாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுலயும் சரியா போகல, டல்லாஸ்லயும் போகலன்னு அவங்க அமெரிக்கத் தலைவரே பின்னாடி சொன்னார். இந்த மாதிரி புதுசுக்கு ஆசைப்படுற சான் ஃபிரான்சிஸ்கோவுலயே போகலன்னா வேற எங்க போகும்! ஆனா இங்கிலாந்துல அதே மெக்பிளான்ட் மெனுவுல நிலையா நின்னுடுச்சு.

வித்தியாசம் எங்கன்னு பாக்க நான் ஜெர்மனியைத்தான் பாப்பேன். ரூகன்வால்டர் மியூலென்னு ஒரு கம்பெனி, 1834-ல இருந்து பன்னிக்கறி சாசேஜ் போடுற குடும்பம். 2014 கடைசியில சைவ சாசேஜ் எறக்கினாங்க, சில வருஷத்துலயே சைவச் சரக்கு வருமானம் கறிச் சரக்கைத் தாண்டிடுச்சு. நாங்க உலகத்தை மாத்தப் போறோம்னெல்லாம் பேசல, உங்க தாத்தா வாங்கின அதே பிராண்டு, அதே டப்பா, உள்ள மட்டும் வேறன்னு வித்தாங்க. லிடில் சூப்பர்மார்க்கெட் 2023 அக்டோபர்ல ஜெர்மனியில தன்னோட வீமோண்டோ பிராண்டு சைவச் சரக்கு பெரும்பாலும் எல்லாத்தோட விலையையும் கறி விலைக்கே எறக்கி, கறி பக்கத்துலயே வச்சாங்க. ஐரோப்பாவுல சூப்பர்மார்க்கெட்டே சொந்த பிராண்டு போட்டு விலையைக் குறைக்குறான், அமெரிக்காவுல ஸ்டார்ட்அப் தன் பிராண்டுக்கு கூடுதல் விலை வச்சு விக்குறான். ரெண்டாவது பாக்கெட் எங்க போகும்னு தனியா சொல்லணுமா.

இம்பாசிபிள்காரங்க 2024-ல பாக்கெட் கலரையே பச்சை கலந்த நீலத்துல இருந்து ரத்தச் சிவப்புக்கு மாத்தினாங்க, கறி திங்குறவன் கண்ணுக்குப் படணும்னு. லேட்டா வந்த புத்தி, ஆனா வந்துச்சே.

கேள்வி (முழு வீகன்): நான் குடுக்குற காசு கடைசியில கறி கம்பெனிக்குத்தான் போகுதாமே. இது என்ன அநியாயம்?

பதில்: நிறைய இடத்துல போகுதுதான்ம்மா. அமெரிக்காவோட பெரிய கறி கம்பெனி டைசன், 2016-லயே பியாண்ட்ல 5 சதவீதம் பங்கு வாங்கி, 2019-ல ஷேர் வெளியீட்டுக்கு கொஞ்சம் முன்னாடி வித்துட்டு வெளிய வந்துட்டாங்க. உலகத்துலயே பெரிய கறி கம்பெனி பிரேசில் ஜே.பி.எஸ்., 2021-ல நெதர்லாந்து செடிக்கறி கம்பெனி விவெராவை 34 கோடி யூரோ பக்கம் குடுத்து வாங்குனாங்க, அடுத்த வருஷமே அமெரிக்காவுல தாங்களே ஆரம்பிச்ச பிளான்டெராவை மூடினாங்க. அதுக்கு அடுத்ததுதான் சுவாரசியம். நெதர்லாந்துல யாப் கோர்ட்டவேக்னு பரம்பரை விவசாயி ஒருத்தர், பன்னி, மாடு எல்லாம் நோயால ஆயிரக் கணக்குல கொல்லப்பட்டதைப் பாத்து மனசு மாறி தி வெஜிடேரியன் புட்சர்னு 2010-ல ஹேக் நகரத்துல கடை போட்டார், 2018-ல யூனிலீவர் அதை வாங்குச்சு, 2025-ல யூனிலீவர் அதை வித்துடுறோம்னு அறிவிச்சப்ப வாங்க வந்தது யாருன்னா விவெரா. அதாவது ஜே.பி.எஸ்.தான்! கறிக்கடைக்கு எதிரா ஆரம்பிச்ச கடை, சுத்திச் சுத்தி உலகத்தோட பெரிய கறிக்கடைக்கே போய் சேருது.

உங்க கோவம் நியாயம். ஆனா என் மனசுல இருக்குறதைச் சொல்லிடுறேன், இந்தத் தொழிலுக்கு வேண்டிய குளிர் லாரி, கிடங்கு, சூப்பர்மார்க்கெட்ல அலமாரி எல்லாம் ஏற்கனவே அவங்ககிட்டதான் இருக்கு, அவங்க கையில இருந்தா விலை எறங்க வழி உண்டு. லாபம் வரலன்னா அவங்க ஒரே நாள்ல மூடிடுவாங்கங்கறதும் உண்மைதான், பிளான்டெராவே சாட்சி.

கேள்வி (சொல் வேட்டையாடி): கறியே இல்லாததுக்கு பர்கர், சாசேஜ்னு பேர் வைக்குறது ஏமாத்து வேலை இல்லையா?

பதில்: இந்தச் சண்டைக்கு உலகத்துல செலவான வக்கீல் ஃபீஸ்ல ரெண்டு ஃபேக்டரி கட்டியிருக்கலாம்னு எனக்கு ஒரு நெனப்பு. அமெரிக்காவுல மிசௌரி மாநிலம் 2018-ல முதல்ல சட்டம் போட்டுச்சு. ஃபிரான்ஸ் அரசு ஸ்டேக் மாதிரி வார்த்தைகளைத் தடை பண்ண ஆணை போட்டுச்சு, 2024 அக்டோபர்ல ஐரோப்பிய நீதிமன்றம், பொத்தாம் பொதுவா தடை பண்ற அதிகாரம் தனி நாட்டுக்கு கிடையாதுன்னுடுச்சு. தென்னாப்பிரிக்காவுல 2022-ல கறிப் பேர் வச்ச சரக்கைக் கடையில இருந்தே பறிமுதல் பண்ணுவோம்னு அரசு கிளம்பி, கோர்ட் போய் நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. ஐரோப்பிய பார்லிமென்ட்டோ 2020-ல பேர் தடையை வேணாம்னு தள்ளிட்டு, 2025 அக்டோபர்ல 355-க்கு 247 ஓட்டுல வேணும்னு சொல்லிடுச்சு. அந்த ஓட்டு மட்டும் சட்டமாகாது, உறுப்பு நாடுகளோடயும் பேசி முடிக்கணும்.

ஏமாத்தா? பாக்கெட் மேல 'சோயா'ன்னு பெருசா எழுதி சாசேஜ்னு வித்தா யார் ஏமாறப் போறா சொல்லுங்க. கடலை பட்டர்ல பட்டர் எங்க இருக்கு? என் கணக்குல இது வாங்குறவனைப் பாதுகாக்குற சண்டை இல்ல, கால்நடை வளக்குறவங்க தங்க வியாபாரத்தைப் பாதுகாக்குற சண்டை. அது அவங்க உரிமை, ஆனா வாங்குறவன் பேரைச் சொல்லிப் பண்ண வேண்டாம்.

இவங்களுக்குள்ளயே வேற அடிச்சுக்கிட்டாங்க. நெஸ்லே 'இன்கிரெடிபிள் பர்கர்'னு ஐரோப்பாவுல விட்டதும், இது எங்க 'இம்பாசிபிள்' மாதிரியே இருக்குன்னு கேஸ், 2020-ல ஹேக் கோர்ட் தடை போட, நெஸ்லே 'சென்சேஷனல்'னு பேர் மாத்திக்கிச்சு.

கேள்வி (டயட் கண்மணி): உடம்புக்கு நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில.

பதில்: ஒரே வார்த்தையில முடியாதும்மா, கொஞ்சம் பொறுங்க. எதுக்கு பதிலா சாப்பிடுறீங்கங்கறதுல இருக்கு. மாட்டுக்கறி பர்கருக்கு பதிலான்னா பரவால்ல, வேகவச்ச பயறுக்கு பதிலான்னா வேணாம். ஸ்டான்ஃபோர்டுல கிறிஸ்டோஃபர் கார்டனர் குழு 36 பேரை வச்சு 8 வாரம் கறி, 8 வாரம் செடிக்கறின்னு மாத்தி மாத்தி குடுத்துப் பாத்தாங்க, 2020-ல வெளியாச்சு, செடிக்கறி சாப்பிட்ட வாரங்கள்ல கெட்ட கொலஸ்டிரால் கம்மி, இதய நோயோட சம்பந்தப்படுத்திப் பேசுற டி.எம்.ஏ.ஓ.ங்கற சமாசாரமும் கம்மி. காசு குடுத்தது பியாண்ட் மீட்டேதான், அதையும் சேத்துப் படிங்க. 36 பேர்ங்கறதும் சின்ன எண்ணிக்கை.

உப்பு பாத்துக்கணும். இம்பாசிபிள் பர்கர் ஒண்ணுல சோடியம் 370 மில்லிகிராம், சமைக்காத கறியைவிட பல மடங்கு. தேங்காய் எண்ணெய் போட்ட சரக்குல சாச்சுரேட்டட் கொழுப்பு ஜாஸ்தி. பியாண்ட் 2024-ல எண்ணெயை அவகாடோவுக்கு மாத்தி அந்தக் கொழுப்பை 2 கிராமுக்கு கொண்டு வந்தாங்க, சோடியத்தையும் அஞ்சுல ஒரு பங்கு குறைச்சாங்க. சோயா, கோதுமை அலர்ஜி இருக்குறவங்க பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காம வாங்காதீங்க.

"அல்ட்ரா புராசஸ்டு", அதாவது ஃபேக்டரியில அளவுக்கு மீறிப் பக்குவம் பண்ணினதுங்கற பேர்தான் இவங்களை ரொம்ப அடிச்சது. 2020 சூப்பர் பவுல் (அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல்) அப்ப ஒரு விளம்பரம் வந்துச்சு, பள்ளிக்கூட ஸ்பெல்லிங் போட்டியில ஒரு பொண்ணுகிட்ட "மீத்தைல் செல்லுலோஸ்"னு எழுத்துக் கூட்டச் சொல்ல அது முழிக்கும். ஸ்பெல்லிங் தெரியாததைத் திங்காதேங்கறது கருத்து. கறிக்காரங்க பக்கம் பேசுற ஒரு அமைப்பு போட்டது. விளம்பரமா பாத்தா கில்லாடி, அறிவியலா பாத்தா பூஜ்யம், ஏன்னா ஐஸ்கிரீம்ல இருந்து மாத்திரை வரைக்கும் அந்தச் சாமான் பல வருஷமா இருக்கு.

கேள்வி (பூமித்தாயின் பிள்ளை): சுற்றுச்சூழலுக்கு நெஜமாவே நல்லதா?

பதில்: மாட்டுக்கறியோட ஒப்பிட்டா, ஆமா, அதுல பெரிய தகராறு இல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018-ல பியாண்ட் பர்கருக்கு போட்ட கணக்குல அமெரிக்க மாட்டுக்கறியைவிட பசுமை இல்ல வாயு 90 சதவீதமும் நிலம் 93 சதவீதமும் கம்மி, மின்சாரம் எரிபொருள் மட்டும் 46 சதவீதம்தான் கம்மி, ஏன்னா அந்த எக்ஸ்ட்ரூடரும் ஃப்ரீஸரும் சும்மா ஓடாதே. இதுக்கும் காசு கம்பெனி குடுத்ததுதான். கோழியோட ஒப்பிட்டா இவ்ளோ பெரிய இடைவெளி கிடையாது.

கேள்வி (சந்தேகம் சாம்பசிவம்): சைவம்னு நம்பி எல்லாத்தையும் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. குவார்ன் சரக்கு பலதுல முட்டை வெள்ளைக்கரு இருக்கு, வீகன்னு தனியா போட்டிருந்தாதான் இல்ல. பர்கர் கிங்ல செடிக்கறியையும் மாட்டுக்கறியையும் ஒரே அடுப்புல சுடுறாங்கன்னு 2019-ல ஃபுளோரிடாவுல ஒருத்தர் கேஸ் போட்டார், தனியா சுடுவோம்னு நாங்க எப்ப சொன்னோம்ங்கற வாதம் ஜெயிச்சு கேஸ் தள்ளுபடி. கேட்டு வாங்குங்க.

கேள்வி (முதலாளி ஆகப் போறவர்): நான் இந்தத் துறையில இறங்கலாம்னு இருக்கேன். இப்ப இறங்கலாமா, எங்க இறங்கலாம்?

பதில்: பிராண்டு போட்டு பர்கர் விக்க மட்டும் போகாதீங்க, அந்த மைதானத்துல ஏற்கனவே அடிபட்டுக் கெடக்குறவங்களைத் தாண்டித்தான் நடக்கணும். பிரிட்டன்ல மீட்லெஸ் ஃபார்ம் 2023-ல நொடிச்சுப் போச்சு. அமெரிக்காவுல பூஞ்சைக்கறி பண்ணின மீட்டி, கோடிக் கோடியா முதலீடு வாங்கின கம்பெனி, 2025-ல 40 லட்சம் டாலருக்கு கைமாறுச்சு.

மூலப்பொருள் பக்கம் போனா பாதுகாப்பான்னு கேட்டா அதுவும் இல்ல. கனடாவுல மனிடோபா மாகாணத்துல ஃபிரான்ஸ்ல இருக்குற ரொக்கெட்ங்கற கம்பெனி 2021-ல திறந்த பட்டாணி ஆலை, வருஷத்துக்கு 1,25,000 டன் பட்டாணி அரைக்குற அளவுக்குக் கட்டினது, திறந்தப்ப உலகத்துலயே பெருசு. அதே மாகாணத்துல வின்னிபெக்ல மெரிட்னு இன்னொரு புது ஆலை, அரசாங்கக் கடன்லாம் வாங்கிக் கட்டினது, 2023-ல கடன்காரங்க கைக்குப் போச்சு. ஒருத்தன் பட்டாணியோட ஸ்டார்ச், நார் எல்லாத்தையும் விக்கத் தெரிஞ்ச பழைய வியாபாரி, இன்னொருத்தன் புரதத்தை மட்டும் நம்பினவன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன், தப்பா இருந்தா அந்தத் தொழில்ல இருக்குறவங்க எழுதுங்க, போடுறேன்.

எனக்கு நம்பிக்கை இருக்குற இடம் ரெண்டு. ஒண்ணு, சிலி நாட்டு நாட்கோ மாதிரி. 2015-ல ஆரம்பிச்சவங்க, ஜூசெப்பேன்னு ஒரு ஏ.ஐ. வச்சு எந்தச் செடியோட எந்தச் செடியைக் கலந்தா பால் ருசி, கறி ருசி வரும்னு தேடுறது வேலை, 2022-ல கிராஃப்ட் ஹைன்ஸோட கூட்டு சேந்தாங்க. அந்த மூளையைப் பெரிய கம்பெனிகளுக்கு விக்குறதுலதான் இப்ப அவங்க கவனம். தங்கம் தோண்டப் போறவனுக்கு கடப்பாரை விக்குற தொழில். ரெண்டாவது, கலப்பு. லிடில் 2024-ல நெதர்லாந்துல 60 சதவீதம் மாட்டுக்கறி, 40 சதவீதம் பட்டாணிப் புரதம் கலந்த கொத்துக்கறி விட்டாங்க, முழு கறியைவிட விலை கம்மி. வீகன் வாசகி இதைப் படிச்சா என்னைத் திட்டுவாங்க, ஆனா நூறு பேர் கறியை 40 சதவீதம் குறைக்குறதும் நாப்பது பேர் முழுசா விடுறதும் மாட்டுக்கு ஒரே கணக்குதான், எது நடக்கக்கூடியதுன்னு யோசிச்சுப் பாருங்க.

அரசாங்க ஆதரவுன்னா டென்மார்க்கைப் பாருங்க. 2023 அக்டோபர்ல ஒரு நாடே செடி உணவுக்குன்னு செயல்திட்டம் போட்டது உலகத்துல அதுதான் முதல் தடவை, இத்தனைக்கும் பன்னிக்கறி ஏற்றுமதியில பேர் போன நாடு. அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கின பணத்துல ஒரு பங்கு சமையல்காரங்களுக்கு பயிற்சி குடுக்கவும் போகுது. ஃபேக்டரி கட்டுறதைவிட கேன்டீன் சமையல்காரருக்கு கத்துக் குடுக்குறது சீப்பு, கேன்டீன்ல சாப்பிடுறவன் பாக்கெட்டே வாங்குறதில்ல பாருங்க, தட்டுல வந்ததைச் சாப்பிட்டுட்டு மறுநாளும் அங்கதான் வரணும்.

கேள்வி (கடைசி பெஞ்ச்): இவ்ளோ பேசுறீங்களே சார், நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?

பதில்: பாத்தேன்ப்பா. ரெண்டு பாக்கெட் சேத்து வாங்கினா தள்ளுபடின்னான், வாங்கிட்டேன். முதல் பாக்கெட்டை அன்னிக்கே சுட்டு வீட்டுல எல்லாரும் சாப்பிட்டோம், நல்லாத்தான் இருந்துச்சு, சூடா இருந்த வரைக்கும். ரெண்டாவது ஃப்ரீஸர்ல ஐஸ் ட்ரேக்கு பின்னாடி இருக்கு. உங்க மெயில் படிச்சப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு, தேதி முடிஞ்சுதான்னு போய் பாக்கணும்.